குழாய் முடியும் இடம்

சி பிளாக் பின்சுவரில்
மொட்டைமாடியிலிருந்து இறங்கும் நீலக் குழாய்
தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிடுகிறது.
வாயில் மூடி போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.
பதினேழு வருடமாக அதன் பெயர்
மழைநீர் சேகரிப்பு.

நான் சங்கப் பொருளாளர்.
கோப்பில் அதன் புகைப்படம் உண்டு, சான்றிதழ் உண்டு,
பார்க்க வந்தவருக்கு வாங்கிய இளநீரின் ரசீதும் உண்டு.
குழி கிடையாது.

ஹபீபுல்லாவை அழைத்தது வேறு வேலைக்கு,
மூன்றாம் மாடியில் ஒழுகும் ஃப்ளஷ் டேங்க்.
போகிற போக்கில் குழாயை விரலால் தட்டினார்.
"உள்ள தண்ணி நிக்குது சார்.
எங்க போறதுன்னு தெரியாம."

அன்றிரவு கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
சும்மா இருந்தவர்கள் இல்லை நாங்கள்.
வருடத்துக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் விளக்கணைத்தோம்
(லிஃப்டில் மாட்டிய அகல்யாவை
விளக்குப் போட்டுத்தான் மீட்க முடிந்தது).
துணிப்பை கொடுத்தோம், கொடுத்துக்கொண்டே இருந்தோம்,
இன்று ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும்
ஒரு துணிப்பை, அதற்குள் இருபது துணிப்பை.
ஒரே குழியில் மூன்று முறை வேம்பு நட்டோம்,
மூன்று முறையும் ரிப்பன் வெட்டி.
தண்ணீர் குறைவாக வரும் ஷவர் வாங்கி
மிச்சமானதில் கார் கழுவினோம்.

எல்லாம் நோட்டில் இருக்கிறது.
வேளச்சேரி நோட்டுக்கு வெளியே இருக்கிறது.

எங்கள் முகவரியில் 'ஏரிக்கரை' என்றொரு சொல்.
கூரியர் பையன் மட்டும் அதை வாய்விட்டுப் படிப்பான்.
சித்திரையில் காசு கொடுத்து
லாரியில் வரச்சொல்லிக் கெஞ்சிய தண்ணீரை
ஐப்பசியில் மோட்டார் வைத்து வெளியே தள்ளுகிறோம்,
காரை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டு.

வெளியே என்றால்?
வரவு, செலவு, இரண்டு பத்திதான் என் நோட்டில்.
தள்ளிவிட்டது போய்ச் சேரும் இடத்துக்குப் பத்தி இல்லை.

போன மழைக்கு முன் வளாகத் தரையை
மூன்றடி உயர்த்தினோம்.
பின்தெருவில் இஸ்திரி போடும் பூங்காவனத்தின் வீட்டில்
அந்த மூன்றடி
கட்டில் உயரத்துக்கு வந்து நின்றது.
கேட்டில் மாட்டியிருந்த எங்கள் பசுமை விருதுப் பலகை
மிதந்துபோய் அவள் வாசலில் ஒதுங்கியிருக்கிறது.
வெயில் அடித்ததும் கொண்டுவந்து கொடுத்தாள்.
துடைத்து.

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது.
தேங்க்ஸ் சொன்னதாகவும் ஞாபகம்.

ஞாயிறு காலை
ஹபீபுல்லா ரம்பத்தோடு குழாய் முன் உட்கார்ந்தபோது
"இதனால எவ்வளவு மிச்சமாகும்?" என்றேன்.
அவர் காதில் விழவில்லை.
எனக்கு விழுந்தது.
இத்தனை வருடக் கூட்டங்களில்
எவ்வளவு, எவ்வளவு என்றே கேட்டிருக்கிறேன்.
எங்கே என்று ஒருமுறை,
யார் வீட்டுக்கு என்று ஒருமுறை
கேட்டிருந்தால்
கூட்டம் சீக்கிரம் முடிந்திருக்காது.

மூடி விழுந்தது.
கறுத்த, இலை அழுகிய, வெந்நீர்ச் சூட்டில் ஒரு நாற்றம்.
மாடியில் இரண்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.
தண்ணீர் தரையில் விழுந்து ஒரு கணம் தயங்கியது,
பழைய தெருவுக்குத் திரும்பி வந்தவன்
வீட்டு எண் தேடுவதுபோல.
பிறகு வளைந்து
டைல்ஸ் தாண்டி, ரிப்பன் கண்ட வேம்புக்குழி தாண்டி
நேராகப் போய் நின்றது
பி-14இல்,
என் காரின் முன்சக்கரத்தடியில்.

"இங்கதான் சார் பள்ளம்" என்றார்.
"இங்க தோண்டினா பின்தெருவுக்குப் போகாது."

சுற்றிலும் பார்த்தேன்.
வேறு பள்ளம் ஏதாவது இருக்கக்கூடாதா,
எஃப் பிளாக் பக்கம்,
பூட்டிக் கிடக்கும் துபாய்க்காரர் இடத்தில்.
இதுவரை நாங்கள் பூமிக்குச் செய்த எதற்கும்
யாருடைய காரும் நகர வேண்டியிருக்கவில்லை.

சாவி எடுக்க மேலே போனேன்.
ஏதோ ஒரு துணிப்பைக்குள் போட்ட நினைவு.
ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.
கீழே ஹபீபுல்லா கடப்பாரையில் சாய்ந்து நிற்கிறார்.
தண்ணீரும்.